பின்னால் வந்த கடலும் கீழே இறங்கிய ஜெபமும்

சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லித்தான் இதைத் தொடங்கவேண்டும். ஆனால் அன்றைக்குக் கப்பலில் என் வாயில் தோத்திரம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலிருந்தே சொல்லுகிறேன், கேளுங்கள்.

என் பெயர் மார்த்தாள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரி. என்னை உங்களில் பலருக்குத் தெரியும். மீன்கூடையோடு மயிலாப்பூரைத் தாண்டி மாம்பலம்வரைக்கும் போவேன். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து வீடு கட்டிக் குடியேறினார்களே, அவர்களில் மீன் வாங்குகிற வீடு எது, மூக்கைப் பொத்துகிற வீடு எது என்று எனக்கு அத்துப்படி. நான் ஓர் இடத்தில் உட்காருகிற பிறவி இல்லை. பிரசங்க நேரத்தில்கூட என் கால் ஆடிக்கொண்டிருக்கும். வேதத்தில் வருகிற மார்த்தாளும் அப்படித்தானாம். எனக்குப் பேர் வைத்த சுவாமியார் தெரிந்துதான் வைத்தாரோ என்னவோ.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து கட்டுமரத்துக்காரர். கடலில் மீன்பாடு சரியில்லை என்று ரங்கூன் துறைமுகத்துக்கு மரம் ஏற்றுகிற வேலைக்குப் போனார். அங்கே துறைமுகத்தில் கலகம் நடந்த வருஷம் தப்பித்தார். மறு வருஷம் ஒரு தேக்குமரம் உருண்டு வந்து காலில் விழுந்தது. சேதி வந்தபோது நான் கூடையை அண்டை வீட்டில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டேன். போய்ப் பார்த்தால் ஆள் பாதியாய்க் கிடக்கிறார். முழங்காலுக்குக் கீழே வீங்கி, நாற்றமும் எடுத்திருந்தது. காய்ச்சல் விடவில்லை. அங்கே இருந்த வைத்தியர் ஒருவர், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோனால் உயிர் தங்கும் என்றார். அந்தச் சீக்கிரம் என்ற ஒரு வார்த்தைதான் என் தலைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கிடைத்த முதல் கப்பலில் ஏறினோம். சின்னக் கப்பல். அடியில் கொஞ்சம் அரிசி மூட்டை, மேல்தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய தேக்குமரம், நடுவே இருந்த கீழ்த்தட்டில் நாங்கள். ஊர் திரும்புகிற நம் ஜனங்கள் பாயை விரித்துப் பாயோடு பாய் ஒட்டிக் கிடந்தோம். என் பக்கத்தில் அடையாற்றங்கரைக் கன்னியம்மா. புருஷனை ரங்கூனில் புதைத்துவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தாள். நான் மாதா படத்தைத் தலைமாட்டில் சாய்த்து வைத்தால் அவள் முண்டகக்கண்ணியம்மன் கோயில் குங்குமப் பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைப்பாள். இருவருக்கும் சண்டை இல்லை.

கார்த்திகை மாதம். வாடைக்காற்று முதுகுப்பக்கம் அடித்தது. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் குஷி. காற்றே நம்மைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டில் விடுகிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் பலமாக அடிக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது கிடைத்தது.

மூன்றாம் நாள் காலையில் வானம் கறுத்தது. பின்னாலிருந்து வந்த அலைகள் மேடு மேடாக உயர்ந்தன. எதிரே வருகிற அலை கப்பலை அறையும், தூக்கிப் போடும், போய்விடும். பின்னால் வருகிற அலை அப்படி இல்லை. அது அவசரமே படாது. கப்பலின் வால்பக்கத்தை மெதுவாகத் தூக்கும். அப்போது கப்பலைத் தள்ளுகிற காற்றாடி தண்ணீருக்கு வெளியே வந்து வீணாகச் சுற்றி, தரையெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். பிறகு கப்பலின் மூக்கு கீழே போகும். சறுக்குமரத்தில் விட்டதுபோல ஓடுவோம். ஓடும்போதே கப்பல் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாகத் திரும்பிச் சாயும். பாத்திரமெல்லாம் உருண்டு அந்தப் பக்கம் போகும். அப்புறம் நிமிரும்.

நிமிர்ந்தவரைக்கும் நான் பயப்படவில்லை. கண்ணை மூடிக் கிடந்த சவரிமுத்துதான் முதலில் பேசினார். அவர் முதுகு தரையில் ஒட்டியிருந்தது. கப்பல் பேசுவது அவருக்கு அதன் வழியாகக் கேட்டது போலும்.

"மார்த்தா, சாஞ்சா சாஞ்ச மாரியே நிக்குது பாரு. திரும்பி வர்றதுக்கு ரோசன பண்ணிக்கினு கீது. எனக்கு இது புடிக்கல."

"காத்து அடிக்குது, சாயுது. நீ சும்மா படுய்யா."

"பின்னால வர்ற அலையோட சேந்து ஓடக்கூடாது. அத்த முன்னால உட்டுட்டு, நாம பின்னால போவணும். கட்டுமரத்துல கரைக்கு வர்றப்ப தெரியாதா இன்னா உனக்கு?"

எனக்குத் தெரியும். கரைக்கு வரும்போது பின்னால் வருகிற அலை தூக்கினால் கட்டுமரம் குறுக்கே திரும்பி ஆளைக் கொட்டிவிட்டுப் போய்விடும். எத்தனை பேரை அப்படி மணலில் கிடத்திப் பார்த்திருக்கிறோம். ஆனால் இவ்வளவு பெரிய இரும்புக் கப்பலுக்கும் அதே விதியா? எனக்கு நம்பப் பிடிக்கவில்லை. மெதுவாகப் போனால் ஆஸ்பத்திரி என்ன ஆவது?

மத்தியானத்தில் ஒரு சாய்ப்பு வந்தது. விழுந்த பசு எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று கிடக்குமே, அப்படிக் கிடந்தது கப்பல். கீழ்த்தட்டில் ஒரே கூக்குரல். ஜனங்கள் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார்கள். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் குப்பத்தில் பிறந்த எவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

எங்கள் பக்கத்தில் புயலில் கட்டுமரம் திரும்பவில்லை என்றால் பெண்கள் வீட்டில் இருக்கமாட்டோம். மாதா படத்தை எடுத்துக்கொண்டு கரையில் எது உயர்ந்த மணல்மேடோ அதன்மேல் ஏறுவோம். எல்லோரும் நெருக்கியடித்து நின்று, கடலைப் பார்த்து ஜெபமாலை சொல்லுவோம். உயரத்தில் நின்றால் மாதா நம் ஆட்களைப் பார்ப்பாள், நம் ஆட்களும் நம்மைப் பார்ப்பார்கள். தாயிடம் கற்றது, மாற்ற யோசித்ததே இல்லை.

கப்பலில் மணல்மேடு ஏது? எல்லாவற்றுக்கும் மேலே, புகைக்கூண்டுப் பக்கத்தில், உயிர்ப்படகு கட்டியிருந்த தளம்தான் உயரம். நாலு ஆண்களைக் கெஞ்சி, மிரட்டி, சவரிமுத்தைப் போர்வையோடு தூக்கவைத்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். காய்ச்சல்காரன் பேச்சு என்று தள்ளிவிட்டேன். மேலே கொண்டுபோய்க் கிடத்தி, மாதா படத்தை ஒரு கயிற்றில் செருகிவிட்டு, "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று உரக்க ஆரம்பித்தேன்.

என் குரல் உங்களுக்குத் தெரியுமே. மீன் விற்ற குரல். ஒரு தெருவுக்குக் கேட்கும். கேட்டவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நம் வேதக்காரர் வந்தார்கள். கன்னியம்மா வந்தாள். முருகா என்பவர்கள் வந்தார்கள், அல்லா என்பவர்கள் வந்தார்கள். ஒருபக்கம் கடல் தெறித்ததால் தெறிக்காத பக்கமாகவே எல்லோரும் ஒட்டி நின்றோம். நூற்றுக்கணக்கான பேர் ஒரே மூலையில். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை வாய் கூப்பிட்டால் எந்தத் தாய்தான் வரமாட்டாள்?

ஜெபமாலை ஓடியது. கப்பல் முன்னைவிட மோசமாகச் சாய்ந்தது. அலைமேல் ஏறி உட்காரும்போதெல்லாம் காலுக்குக் கீழே ஒரு தளர்ச்சி. குடித்தவன் நிற்பானே, அப்படி நின்றது. ஒருமுறை கைப்பிடிக் கம்பி தண்ணீருக்குள் போய்த் திரும்பியது. தேக்குமரத்துச் சங்கிலி அழுதது. நாங்கள் இன்னும் உரக்கச் சொன்னோம்.

அப்போது இஞ்சின் சத்தம் குறைந்தது.

ஐயோ என்று எல்லோரும் அலறினார்கள். இஞ்சின் செத்துவிட்டது, கைவிட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல ஒன்பது பேர் சொன்னார்கள். சீக்கிரம் என்றுதானே கேட்டேன்? மாதாவே, ஓட வை, ஓட வை என்று படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன். வேண்டுதலா அது? வேலைக்காரியை அதட்டுகிற மாதிரி அதட்டினேன்.

கப்பல்காரர்கள் சிலர் ஓடிவந்து எங்களைக் கீழே போகச் சொல்லித் தள்ளினார்கள். யார் போவார்கள்? கவிழப்போகிற கப்பலில் கீழ்த்தட்டுக்குப் போ என்றால் புதைகுழிக்குப் போ என்றுதானே அர்த்தம். ஆண்கள் அவர்களைப் பிடித்துத் திருப்பித் தள்ளினார்கள். ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. பிறகு காசிம் பாய் வந்தார். அந்தக் கப்பலுக்குச் சாரங்கு, அதாவது கப்பலாட்களுக்கெல்லாம் தலைவர். திருவல்லிக்கேணிக்காரர். வயதானவர். அவர் யாரையும் தள்ளவில்லை. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கூட்டம் யாரைச் சுற்றி நிற்கிறது என்று பார்த்தார். நேரே என்னிடம் வந்து குந்தினார்.

"யம்மா, நீ கீயே எறங்கு. நீ எறங்கினா இவங்க எறங்குவாங்க."

"என் புருசன மேல கொண்டாந்ததே பெரும்பாடு. நான் எறங்கமாட்டேன்."

"சொல்றத கேளு. அலையும் கப்பலும் ஒரே ஓட்டமா ஓடிக்கினு கீது. அதால அலை நம்ம அடிவயித்த தூக்கிக்கினு உடமாட்டேங்குது. முன்னால பள்ளம், பின்னால பள்ளம். அந்த நேரத்துல கப்பலுக்கு நிக்கிற பலம் போயிடுது. சுக்கானும் தண்ணி இல்லாம சும்மா ஆடுது. அதான் கப்தான் ஓட்டத்த கொறச்சாரு. இஞ்சின் சாவல."

"அப்ப கொறச்சிட்டீங்கல்ல. அப்புறம் இன்னா?"

"அது பத்தல. கப்பல திருப்பி, மூஞ்சிய காத்துக்குக் காட்டணும். திருப்பறப்ப ஒரு நேரம் அலைக்குக் குறுக்கால நிப்போம். மேல மரம் பாரம், அதுக்கு மேல நீங்க பாரம், அதுவும் ஒரே பக்கம். இப்டியே திருப்பினா கவுந்துரும். திருப்பலன்னாலும் கவுந்துரும். நீங்க கீயே போயி ரெண்டு பக்கமும் சமமா குந்தினாதான் திருப்ப முடியும்."

அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் சொன்னபடி கீழே போய், அப்படியும் கவிழ்ந்தால் முதலில் முழுகுவது நாங்கள்தான். நடக்கமுடியாத ஆள் படியேறி எப்படி வெளியே வருவார்? மேலே இருந்தால் ஒரு பலகையாவது கிடைக்கும். சவரிமுத்தின் இடுப்பில் கயிற்றைக் கட்டி என் இடுப்பில் முடிந்துகொள்ளலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கூட்டம் முழுதும் என் முகத்தையே பார்த்தது. காசிம் பாய் வானத்தைப் பார்த்தார்.

சவரிமுத்து என் சேலையைப் பிடித்து இழுத்தார். "எனக்காவ இங்க நிக்காத. எங்கன்னாலும் நான் படுத்துதான் கெடக்கப்போறேன்."

அப்போதுதான் முதன்முறையாக ஜெபித்தேன் என்று சொல்லவேண்டும். அதுவரை சொன்னதெல்லாம் சத்தம். உரக்கச் சொல்லவில்லை. உதடுகூட அசையவில்லை. ஆண்டவரே, நான் எங்கே இருக்கவேண்டும்? அவ்வளவுதான். காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, கப்பல் மறுபடி அலைமேல் ஏறியது.

ஏறியது, தளர்ந்தது, சாய்ந்தது. நாங்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். கயிற்றில் செருகியிருந்த மாதா படம் நழுவி விழுந்தது. தளத்தின் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் பாய்ந்து பிடிக்கப் போனேன், கைக்கு எட்டவில்லை. கடலில் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் கப்பல் முனகிக்கொண்டே நிமிர்ந்ததும் படம் திரும்பி வழுக்கியது. நேரே படிக்கட்டு வாசலுக்குப் போய், ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டிக் கீழே இறங்கிப் போய்விட்டது.

இதைக் கேட்டு, சாய்ந்த தளத்தில் படம் வழுக்காமல் பறக்குமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் குப்பத்திலேயே சிரித்தவர்கள் உண்டு. வழுக்கத்தான் வழுக்கியது. ஆனால் நான் மனதுக்குள் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் வழுக்கியது. கடலுக்குள் போக ஒரு பக்கம் முழுதும் திறந்து கிடக்க, அந்தச் சின்ன வாசலைப் பார்த்துப் போயிற்று.

"தாயே எறங்கிட்டா. எனக்கு இங்க இன்னா வேல? தூக்குங்கய்யா அவர" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கன்னியம்மா குங்குமப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ போனா நானும் வர்றேன். தனியா சாவறதுக்கு இது மேலு" என்றாள். நாலு ஆண்கள் போர்வையைத் தூக்கினார்கள். நான் முன்னால் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் படிக்கட்டு முழுதும் ஜனங்கள்.

கீழே முழங்கால் நனையும் தண்ணீர் இல்லை, பாதம் நனையும் தண்ணீர். காசிம் பாயின் ஆட்கள் எங்களை இரண்டு பக்கமும் சரிபாதியாக உட்காரவைத்தார்கள். எழுந்திருக்கக்கூடாது, ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் ஓடக்கூடாது, கையைக் கோத்துக்கொண்டு இருங்கள் என்றார்கள். பிறகு மேலே வாசலை மூடினார்கள். அந்த மரக்கதவு விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கும்போது உள்ளே இருப்பவனுக்குக் காது கேட்டால் அப்படித்தான் கேட்கும்.

ஒரு விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஈரத்தில் கிடந்த மாதா படத்தைத் தேடி எடுத்தேன். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, சவரிமுத்தின் தலையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை உட்காரவைக்க ஒரு புயல் தேவைப்பட்டது பாருங்கள்.

இஞ்சின் திடீரென்று முழு மூச்சாக உறுமியது. திருப்பத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. கப்பல் சாய ஆரம்பித்தது. சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. எதிர்வரிசையில் இருந்தவர்கள் எங்களுக்கு மேலே சுவரில் உட்கார்ந்திருப்பதுபோல் ஆனார்கள். ஒருவராவது கையை விட்டிருந்தால் எல்லோரும் எங்கள்மேல் கொட்டியிருப்பார்கள். யாரும் விடவில்லை. வெளியே அலை வந்து மோதியது. விளக்கு அணைந்தது. முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜெபமாலையும் நின்றுபோயிற்று. இருட்டில் சவரிமுத்தின் குரல்மட்டும் கேட்டது. அவர் முதுகு மறுபடி தரையில் இருந்தது.

"இரு… இரு. நின்னுட்ச்சி. இதுக்கு மேல போவல." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "வருது, மார்த்தா. திரும்பி வருது."

வந்தது. மெதுவாக, முழுக்க முழுக்க வந்து நேரே நின்றது. பிறகு கப்பலின் மூக்கு உயர்ந்து, அலையை எதிரே வாங்கி அறைந்தது. மறுபடி உயர்ந்தது, மறுபடி அறைந்தது. வயிறு புரட்டி எல்லோரும் வாந்தி எடுத்தோம். ஆனால் சாய்ந்து கிடக்கவில்லை. அப்படி வாந்தி எடுத்துக்கொண்டே தோத்திரம் சொன்ன கூட்டத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கன்னியம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள். புருஷன் செத்ததற்கு அவள் அப்போதுதான் அழுதாள்.

காற்று தணிகிறவரைக்கும் கப்பல் இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது. பட்டணத்துக்குப் போய்ச் சேர நினைத்ததைவிடத் தாமதம்தான். துறைமுகத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரி. காலை எடுத்துவிட்டார்கள். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். தெரியாது என்றார். அந்தத் தெரியாதை நான் இன்னும் சுமக்கிறேன், மறைக்கவில்லை. கால் போயிற்று. ஆள் இருக்கிறார். நீங்களே பார்க்கிறீர்களே, பூசைக்கு எனக்கு முன்னால் கோலை ஊன்றிக்கொண்டு வந்து இடம் பிடித்துவிடுகிறார்.

நான் திருந்திவிட்டேனா? என் கால் இன்னும் ஆடுகிறது. வாடைக்காற்று தொடங்கினால் தூக்கம் போய்விடுகிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். மாறியது ஒன்றே ஒன்று, நான் ஜெபிக்கிற விதம். முன்பெல்லாம் ஆண்டவருக்கு வேலை சொல்லுவேன். இதைச் செய், அதைச் செய், சீக்கிரம் செய் என்பேன்.

உங்கள் வீட்டிலும் நோய் உண்டு, பயம் உண்டு, பின்னாலிருந்து தூக்குகிற அலை உண்டு. காப்பாற்றும் என்று கேளுங்கள், அதில் தப்பு இல்லை. கூடவே, நான் எங்கே இருக்கட்டும் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொல்லுவார். சொல்லுகிற இடம் உங்களுக்குப் பிடிக்காது. என்னை நம்பி, போய் அங்கே உட்காருங்கள்.